மைனியின் திரையில்லாத மடிக்கணினி

போன வாரம் வரை என் மேசையில் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. ஒன்றில்தான் நான் வேலை செய்கிறேன். மற்றது, நான் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அதன் திரை செத்துப் பத்து வருடம் ஆகிறது. கல்லூரி மூன்றாம் வருடத்தில், டவுன் பஸ்ஸிலிருந்து முண்டியடித்து இறங்கிய அவசரத்தில் நான்தான் கீழே போட்டேன். மூடியைத் திறந்தால் கறுப்பாக இருக்கும், ஒரு மூலையில் சிலந்தி வலை போல விரிசல். ஆனால் பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றும், ஒரு நிமிடம் பொறுத்தால் பேசத் தொடங்கும். விசைப்பலகையில் கோலன் என்கிற இரட்டைப் புள்ளியைப் போடும் விசையின் மேல் நகப்பூச்சு காய்ந்து ஒரு சிறு மேடாக இருக்கும். விரலால் தடவினால் தெரியும். அந்த மேட்டை வைத்தது என் மைனி. கோலன் போட மறந்து மறந்து பிழை வாங்கியதில் கோபம் வந்து, என் சிவப்பு நகப்பூச்சை வாங்கி ஒரு சொட்டு வைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் நான் பைதான் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி மையத்தில் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா இன்னும் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவேன்.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணமாகி சீவலப்பேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மாலை நேரத்தில் மட்டும் பார்வை மங்கும். விழித்திரையில் ஏதோ கோளாறு, மெல்ல மெல்லக் கூடும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். மெல்ல என்றார்களே தவிர அது அவ்வளவு மெல்ல நடக்கவில்லை. நான்கே வருடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவளுக்கு மிஞ்சியது. தொடக்கப் பள்ளியில் பார்த்துவந்த டீச்சர் வேலையை விட்டாள். விட்ட அன்று அழுதாள், மறுநாள் காலையில் வீட்டுக்குச் சட்டம் போட்டாள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அவள் அலமாரியில் யாரும் கை வைக்கக் கூடாது. "அங்கன இருக்கு", "இங்கன இருக்கு" என்ற இரண்டு பேச்சும் இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. ஒரு பொருளைக் கேட்டால் கொண்டுவந்து கையில் தர வேண்டும். "அங்கனன்னா எனக்கு எங்கன? சொன்னா போதாது, கையில கொடு" என்பாள். மாமனார் மாமியார் என்றுகூடப் பார்க்க மாட்டாள். ஆச்சரியம் என்னவென்றால், அவர்களே முதலில் பழகிக்கொண்டார்கள். கடைசி வரை பழகாதது நான்தான். எனக்கு வாய் முந்திக்கொள்ளும், உடம்பு பின்னால்தான் எழும்பும்.

அண்ணன் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். நல்லவன், பயந்தவன். மைனி தெருவில் தனியாக இறங்கிவிடுவாளோ என்ற நினைப்பிலேயே அவன் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போடுவான் என்று அவனோடு வேலை பார்த்தவர்களே சொல்வார்கள். மைனியின் பெற்றோர் சாத்தான்குளத்தில் இருந்தார்கள். அங்கே போய்விட்டால் அவளுடைய அம்மா பகல் முழுக்கக் கூட இருப்பார், தானும் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம் என்பது அவன் கணக்கு. மைனிக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே ஆகாது. "எங்கம்மா என்னைய கட்டில்ல உட்கார வச்சு ஊட்டி விடுவா. நான் அங்கன போனா எந்திரிக்கவே மாட்டேன்" என்றாள். அவளே விதித்த தடையை மீறி "அங்கன" என்று சொன்னது அன்றைக்கு மட்டும்தான். பார்வையில்லாதவர்கள் கணினியில் நிரல் எழுதி வேலை பார்க்கிறார்கள் என்று வானொலியிலோ எங்கோ கேட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் மூன்று மாத பைதான் வகுப்பு ஒன்றில் சேரப் போவதாகச் சொன்னாள். அண்ணன் கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். மூன்று மாதம் படிக்கலாம், துணைக்கு நான் போக வேண்டும், முடிந்ததும் வேலை கிடைத்தால் இங்கேயே இருப்பது, கிடைக்காவிட்டால் மறுபேச்சு இல்லாமல் சாத்தான்குளம். மைனி யோசிக்கவே இல்லை. "சரி" என்றாள்.

நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். துணைக்குப் போகிறவளுக்கும் சேர்த்துத்தான் பயிற்சி மையத்தில் பெயர் எழுதினார்கள். மைனிக்கு வீட்டில் பழக ஒரு கணினி வேண்டும் என்றபோது, பரண் மேல் கிடந்த என் மடிக்கணினியின் நினைவு வந்தது. "இருக்கு மைனி, ஆனா ஸ்கிரீன் போயிட்டு" என்றேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "பேசுதா?" பேசும் என்றேன். "அப்ப எனக்கு எதுக்கு ஸ்கிரீன்? எடுத்துட்டு வா" என்றாள். மையத்தில் வேறொரு திரையைத் தற்காலிகமாக மாட்டி, திரையில் வருவதைப் படித்துச் சொல்கிற மென்பொருளை அதில் ஏற்றிக் கொடுத்தார்கள். அன்று பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவளின் முகத்தை நான் மறக்கவில்லை. எனக்குக் குப்பையாய்த் தெரிந்த பொருளில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

முதல் மூன்று வாரம் கஷ்டம்தான். சொல்லிக்கொடுத்த சார் சேரன்மகாதேவிக்காரர், இளவயது, நல்ல மனிதர். ஆனால் வாக்கியத்துக்கு ஒரு தடவை "ஸ்கிரீன்ல பாருங்க" என்பார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார், அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் சொல்வார். அதைக்கூட மைனி சமாளித்தாள். சமாளிக்க முடியாதது நிரலின் நீளம். எங்களைப் போன்றவர்கள் ஐம்பது வரி எழுதினால் ஒரு பார்வையில் மேலிருந்து கீழே ஓடி, வேண்டிய இடத்தில் நின்றுவிடுவோம். மைனிக்கு அந்தக் குரல் ஒரு வரி ஒரு வரியாகத்தான் படிக்கும். பைதானில் வரிக்கு முன்னால் எத்தனை இடைவெளி விட்டோம் என்பதும் முக்கியம், அதையும் எண்ணிச் சொல்லும். முப்பதாவது வரியில் ஒரு தப்பு வந்தால், அதற்கு முன்னால் என்ன எழுதினோம் என்று மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். கேட்டு வருவதற்குள் எதைத் தேடினோம் என்பது மறந்துவிடும். ஒரு நாள் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "தலைக்குள்ள எடம் பத்தல ஏட்டி" என்றாள். நான் என்னுடைய வழியைச் சொன்னேன், எழுதியதையே பிரதி எடுத்துக் கீழே கீழே ஒட்டிக்கொண்டே போவது. என் நிரல்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. அவை நீளமாக இருந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அவள் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.

நான்காம் வாரம் ஃபங்ஷன் வந்தது. பாடப்புத்தகம் அதைச் செயற்கூறு என்கிறது. எங்கள் மையத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. விஷயம் சின்னதுதான். அடிக்கடி செய்கிற ஒரு வேலையை ஒரு தடவை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவது. அப்புறம் அந்த வேலை எப்போது வேண்டுமோ அப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். டெஃப் என்று எழுதி, பெயர் எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்த வேலைக்கு வேண்டிய பொருளை வாங்கிக்கொண்டு, கோலன் வைத்து, கீழே கொஞ்சம் தள்ளி வேலையை எழுத வேண்டும். மைனி எழுதினாள். ஓட்டினாள். குரல் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஓட்டினாள். அமைதி. தப்பு என்றுகூடச் சொல்லவில்லையே என்று அவளுக்கு எரிச்சல். சார் பின்னால் வந்து நின்று, "நீங்க அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க, இன்னும் கூப்பிடவே இல்லையே" என்றார். பெயரை அடித்து, அடைப்புக்குறிக்குள் எண்ணைப் போட்டாள். குரல் உடனே பதில் சொன்னது. மைனி அவ்வளவு சத்தமாகச் சிரித்ததை நான் வீட்டிலும் கேட்டதில்லை.

அன்று திரும்பும்போது பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கையில் அவள் ஒரு விஷயம் சொன்னாள். ஊரை அவள் துண்டு துண்டாக வைத்திருந்தாளாம். வீட்டு வாசலிலிருந்து வேதக்கோயில் முக்கு வரை ஒரு துண்டு. முக்கிலிருந்து பஸ் நிறுத்தம் ஒரு துண்டு, ரேஷன் கடை இன்னொன்று, வாய்க்கால் பாலம் வேறொன்று. ஒவ்வொன்றையும் அண்ணன் பள்ளிக்குப் போன பிறகு, யாருக்கும் தெரியாமல், சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து பழகியிருக்கிறாள். ஒரு துண்டு பழகிவிட்டால் அதற்குள் என்ன நடக்கிறது என்று அப்புறம் யோசிப்பதில்லை. ரேஷன் கடை என்றால் முதல் துண்டு, மூன்றாம் துண்டு, அவ்வளவுதான். "இதத்தான நான் தெனமும் நடக்கும்போது செய்யுதேன்! இதுக்கு மூணு வாரம் என்னையப் பாடாப் படுத்திட்டாவளே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தனியாக நடந்து பழகுகிறாள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள். நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மைனி எழுதிய ஃபங்ஷன்கள் எல்லாம் குட்டி குட்டியாக இருந்தன. ஐந்து வரி, ஆறு வரி. அதற்கு மேல் போனால் உடைத்து இரண்டாக்கிவிடுவாள். ஒரே மூச்சில் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அளவு. பெயரைக் கேட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட வேண்டும். நான் ஏ, பி, சி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் பெயர்களைத் தமிழிலேயே வைத்தாள். சார் அது முடியாது என்றுதான் நினைத்தார். மைனி வைத்துப் பார்த்தாள், பைதான் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எடுத்துக்கொண்டது. அந்த இயந்திரக் குரல் "நிமிடமாக்கு" என்று அழுத்தம் திருத்தமாகப் படிப்பதைக் கேட்டு, பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் அவள் தடுக்கினாள். ஃபங்ஷன் வேலையை முடித்ததும் விடையைப் பிரிண்ட் என்று எழுதிச் சொல்லவும் வைக்கலாம், ரிட்டர்ன் என்று எழுதித் திருப்பித் தரவும் வைக்கலாம். தனியாக ஓட்டிப் பார்க்கும்போது இரண்டுக்கும் குரல் ஒரே எண்ணைத்தான் படித்தது. காதுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கும்போது ஒன்றுக்கு எதற்கு இரண்டு என்று அவள் கேட்டாள். சார் வித்தியாசத்தை விளக்கப் பலகையில் அம்புக்குறிகளாகப் போட்டுத் தள்ளினார். எனக்கே புரியவில்லை. அன்று சாயங்காலம் தலை சீவ உட்கார்ந்தவள் சீப்பு எங்கே என்று கேட்டாள். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "அங்கன, கண்ணாடிக்குப் பக்கத்துல" என்றேன். வழக்கமாக விழும் திட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் முகம் மலர்ந்திருந்தது. "ஏட்டி, நீ இப்ப பண்ணதுதான் பிரிண்ட்! சீப்பு எங்கன இருக்குன்னு சத்தமா சொல்லிட்ட, என் கையில ஒண்ணும் வரல. சீப்பு கையில வந்தாத்தான நான் சீவ முடியும்? அதான் ரிட்டர்ன்" என்றாள். எட்டு வருடமாக நான் வகுப்பில் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

வகுப்பு முடியும் தறுவாயில் வண்ணாரப்பேட்டையில் ஒரு நிறுவனம் ஆள் எடுப்பதாகச் சார் சொன்னார். சொந்தமாக எழுதிய நிரல் ஒன்றைக் கொண்டுபோய் அவர்கள் எதிரில் ஓட்டிக் காட்டி, கேட்கிற மாற்றத்தைச் செய்ய வேண்டும். மைனி சீவலப்பேரியிலிருந்து திருநெல்வேலி போகும் டவுன் பஸ்களின் நேரங்களை வைத்து ஒரு நிரல் எழுதினாள். மூன்று ஃபங்ஷன். நிமிடமாக்கு என்பது மணியையும் நிமிடத்தையும் வாங்கிக்கொண்டு வெறும் நிமிடமாகத் திருப்பித் தரும், ஒன்பது இருபதைக் கொடுத்தால் ஐந்நூற்று அறுபது. அடுத்தபஸ் என்பது இப்போதைய நேரத்தை வாங்கிக்கொண்டு அடுத்து வரும் பஸ்ஸின் நேரத்தை அதே நிமிடக் கணக்கில் தரும். காத்திரு என்பது அடுத்தபஸ்ஸைக் கூப்பிட்டு, அது தருவதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று தரும். அவளுக்குத் தெருவில் உண்மையிலேயே வேண்டியிருந்த நிரல் அது. அண்ணனுக்கு அதைக் காட்டியபோது அவன் இரண்டு தடவை ஓட்டச் சொல்லிக் கேட்டான். கேட்டுவிட்டு, சாத்தான்குளம் பள்ளியில் சொல்லி வைத்திருப்பதாகவும், வருகிற திங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். வேலைக்கான தேர்வு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையைத் தவிர அவளுக்கு வேறு நாள் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைனி குளிக்கப் போயிருந்தபோது, தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டிய பென் டிரைவில் நிரல் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அண்ணன் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கணினியில் அதைத் திறந்தேன். அடுத்தபஸ்ஸை மட்டும் ஓட்டினேன். 560 என்று வந்தது. எனக்கு அது சப்பென்று இருந்தது. இத்தனை கஷ்டப்பட்டு எழுதிவிட்டு, யாருக்கும் விளங்காத மொட்டை எண்ணையா காட்டுவது? அவளுக்குத்தான் பார்வையில்லை, பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்க வேண்டாமா? இந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ரிட்டர்ன் இருந்த கடைசி வரியை அழித்துவிட்டு, "அடுத்த பஸ் 9 மணி 20" என்று வருகிற மாதிரி ஒரு பிரிண்ட் போட்டேன். ஓட்டினேன், ஜோராக வந்தது. காத்திருவை ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. மைனியிடம் சொல்லவும் இல்லை, நாளைக்குக் கேட்டு அசந்துபோகட்டும் என்று நினைத்தேன். அவள் அலமாரியில் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். நிரலும் அவள் அலமாரிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை மாடியில் ஒரு அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர், அலுவலகத்தில் எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். என்னைச் சுவர் ஓரத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். மைனி தன்னுடைய மடிக்கணினியையே கொண்டுவந்திருந்தாள். திரை இல்லாததால் அவர்களுடைய திரை ஒன்றை அதில் மாட்டிக்கொண்டார்கள். ஒரே ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லோருடைய நிரலையும் பென் டிரைவிலிருந்துதான் ஏற்றினார்கள். இப்போது மணி ஒன்பது ஐந்து என்றால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். மைனி காத்திருவைக் கூப்பிட்டாள். குரல், "அடுத்த பஸ் 9 மணி 20" என்றது. அதைத் தொடர்ந்து ஆங்கிலத்தில் பிழைச் செய்தியைக் கடகடவென்று படித்தது. ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு எண்ணைக் கழிக்க முடியாது என்பது அதன் அர்த்தம். மைனியின் விரல்கள் விசைகளுக்கு மேலே அப்படியே நின்றன. அவள் எழுதாத ஒரு வாக்கியத்தை அவள் நிரல் பேசியிருக்கிறது.

"யாராவது படிச்சுச் சொல்லட்டுமாம்மா? கூட வந்த பிள்ளை இருக்குல்லா?" என்றார் அண்ணாச்சி. நான்தான் செய்தேன் என்று எழுந்து சொல்ல வேண்டிய இடம் அது. எழவில்லை. சொன்னால் அடுத்தவள் உதவியோடு எழுதியது என்று ஆகிவிடுமோ என்று பயந்தேன் என்று அப்புறம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி வெறும் கோழைத்தனம். மைனி, "வேண்டாம் சார். எனக்குக் கொஞ்சம் நேரம் தாங்க, நானே பாத்துக்கிடுதேன்" என்றாள். அவர், "பைய பாருங்க, அவசரமில்ல" என்றார்.

அவள் மேலிருந்து கீழே கேட்கவில்லை. மூன்று துண்டுகளில் எது கெட்டது என்பதுதான் அவளுடைய கேள்வி. முதலில் நிமிடமாக்குவைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்பது இருபதைக் கொடுத்தாள். ஐந்நூற்று அறுபது என்றது குரல். அதைத் தள்ளி வைத்தாள். அடுத்து, அடுத்தபஸ் தருவதை விடை என்றொரு பெயரில் வாங்கி வைக்கச் சொன்னாள். வாங்கும்போதே குரல் என் வாக்கியத்தை மறுபடி சொன்னது. பின்பு விடை என்ற பெயரை மட்டும் அடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். குரல் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். அமைதி. மைனி தலையை ஆட்டிக்கொண்டாள். "பேசுது. ஆனா கையில ஒண்ணும் தரல" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. அந்தத் துண்டின் ஆறு வரிகளை மட்டும் கேட்டாள், கடைசி வரியில் நின்றாள், கொஞ்சம் தட்டினாள். காத்திருவைக் கூப்பிட்டாள். "பதினைந்து" என்றது குரல்.

அண்ணாச்சி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, அதற்கு என்ன செய்வீர்கள் என்றார். மைனி அடுத்தபஸ்ஸின் அடைப்புக்குறிக்குள் நேரத்தோடு அட்டவணையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் செய்தாள். கூப்பிடும்போது எந்த நாளின் அட்டவணையைக் கொடுக்கிறோமோ அதில் பார்த்துச் சொல்லும். அதைக் கூப்பிடுகிற காத்திருவிலும் ஒரே ஒரு வரி மாறியது. என் நிரலாக இருந்தால் பதினொரு இடத்தில் மாற்றியிருப்பேன், இரண்டை விட்டிருப்பேன். "அந்த வரிய மொதல்ல தப்பா எழுதுனது யாரு?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். மைனி, "என் புரோகிராம் சார். நேத்து நான் இன்னொரு தடவ ஓட்டிப் பாத்திருக்கணும்" என்றாள். என் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை.

வண்ணாரப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. மூன்று பஸ்கள் போயின, நாங்கள் ஏறவில்லை. "மைனி, நான்தான்" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுகை வந்துவிட்டது. "தெரியும். ஒன்னையத் தவிர அவ்வளவு அழகா வேற யாரு சொல்லுவா?" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. "கண்ணு தெரியாதவ எழுதுனது பாக்க நல்லாருக்காதுன்னுதான மாத்துன?" என்று கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று திங்கட்கிழமை காலை தொலைபேசி வந்தபோதும் முதலில் அண்ணனிடம்தான் சொன்னாள். அவன் சாத்தான்குளத்துக்குப் பதில் சொல்லக் கையில் எடுத்த கைபேசியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதல் வாரம் முழுக்க அலுவலகம் வரை கூடவே போனான். அடுத்த வாரம் அவள் பஸ் நிறுத்தத்தில் அவன் கையை விடுவித்து, "நீங்க ஸ்கூலுக்குப் போங்க" என்றாள். பஸ் புறப்பட்ட பிறகும் அவன் வெகுநேரம் அங்கேயே நின்றதை நான் பார்த்தேன்.

இப்போது மைனி அதே நிறுவனத்தில் ஆறு பேருக்குத் தலைவி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் புதுக் கணினி கொடுத்தார்கள். பழையதைத் துடைத்து, அது முன்பு இருந்த பரணிலேயே, அதே இடத்தில் வைத்துவிட்டு, "எடுத்த எடத்துல வச்சிட்டேன்" என்றாள். நான் அதை மேசைக்கு இறக்கினேனே தவிர, உள்ளே இருந்த நிரல்களைத் திறந்து பார்க்கவில்லை. அந்த நிரலின் பக்கம் போக எனக்குத் தைரியம் இருந்ததில்லை. போன மாதம் எங்கள் மையத்தில் மேலப்பாளையத்திலிருந்து பார்வையில்லாத ஒரு பெண் சேர்ந்தாள். வீட்டில் பழகக் கணினி இல்லை என்றாள். மைனியிடம் சொன்னேன். "கொடுத்துரு. அதுக்கென்ன யோசனை?" என்றாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்ப்போம் என்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு முதல் முறையாக அதைக் காதால் மட்டும் ஓட்டினேன்.

பஸ் நிரல் இருந்தது. நிமிடமாக்கு, அடுத்தபஸ், காத்திரு. ஒவ்வொன்றாகக் கேட்டேன். காத்திருவோடு முடிந்துவிடும் என்று நினைத்தால் குரல் நிற்கவில்லை. நான்காவதாக ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதன் பெயர் நாத்தனார். ஒரு எண்ணை வாங்கிக்கொள்கிறது. உள்ளே ஒரே வரி. அன்று நான் எழுதிய அதே பிரிண்ட், ஒரு எழுத்துக்கூட மாறாமல். சொல்வது மட்டும்தான் அதற்கு வேலை, கையில் எதையும் தராது. அதற்கு மேலே, இயந்திரம் பொருட்படுத்தாத குறிப்பு வரியாக, "நல்ல வாக்கியம், எடம்தான் தப்பு" என்று எழுதியிருந்தாள். ஐந்நூற்று அறுபதைக் கொடுத்துக் கூப்பிட்டேன். "அடுத்த பஸ் 9 மணி 20" என்றது. முதலில் சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் அழுதேன். அந்த இரண்டு நாள் பேசாமல் இருந்ததோடு அவள் அதை விட்டுவிட்டாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண் வகுப்புக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, லேப்டாப் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். கொண்டு வந்திருந்தேன், என் மேசையில் இருந்தது. அங்கன இருக்கு என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு எழுந்துபோய், அதை எடுத்துவந்து அவளுடைய இரண்டு கைகளிலும் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து விசைகளைத் தடவிக்கொண்டே போனாள். கோலன் மேல் விரல் வந்ததும் நின்று, "இது என்னதுக்கா?" என்றாள்.